மாமியார் சோதனை

மார்ச் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே கால் மணி. மலையடிவாரத்துப் பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியதும், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மாமியார் தூங்கிவிட்டார்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அதைக் கண்ணாடியில் பார்த்தான். வேறொரு நாளாக இருந்தால், பக்கத்தில் இருந்த மனைவியிடம் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருப்பான். இன்று பார்வையைப் பாதைக்குத் திருப்பிக்கொண்டான்.

பதினோரு வருடமாக அவன் ஒரு வாகன இதழுக்குப் புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவன். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி சோதனைக்கு வந்தால் குடும்பத்தையே ஏற்றிவிடுவான். முன்னால் மனைவி, நடுவில் மகளும் மகனும், கடைசி வரிசையில் மாமியார். முதல் நாள் சாயங்காலமே, எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வார் அந்த அம்மாள். நேரம் தவறாதவர் என்று அவன் ஒருமுறை கட்டுரையிலேயே பாராட்டியிருக்கிறான்.

அவர் தூங்கினால் கடைசி வரிசைக்கு ஐந்துக்கு ஐந்து. வாசகர்கள் இதற்கு மாமியார் சோதனை என்று பெயரே வைத்துவிட்டார்கள். இதுவரை பதினாறு வண்டிகள், ஒன்றுகூடத் தோற்கவில்லை.

வியாழக்கிழமை வந்த கடிதம்தான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. உங்கள் மாமியார் நிம்மதியாகத் தூங்கினார் என்று படித்துத்தான் அந்த வண்டியை வாங்கினோம், கடைசி வரிசையில் வந்த என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன, இப்போது எங்கே கூப்பிட்டாலும் நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்கிறார் என்று எழுதியிருந்தார். திட்டு ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: உங்கள் மாமியார் எப்படித்தான் தூங்கினார்?

அவனுக்கு விடை தெரிந்துவிட்டது போலிருந்தது. மாப்பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாதென்று, அந்த அம்மாள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். இவன் அதைப் பார்த்து ஐந்து மதிப்பெண் போட்டு, ஊரில் உள்ள அம்மாக்களையெல்லாம் அந்தப் பொந்துக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

மலைமேல் தார் முடிந்து மண்பாதை தொடங்கியது. முந்தின நாள் மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி. ஒன்று வழுக்கினால் மற்றவை பிடித்துக்கொண்டன. மகனின் தலை இரண்டு முறை ஜன்னலில் மோதியது. மாமியாரின் இமைகூட அசையவில்லை. எவ்வளவு அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்து அவன் வேகத்தைக் குறைத்தான்.

உச்சியில் நிறுத்தி, எழுப்பி, கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அவர் சற்று நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அத்தை, பின்னாடி கஷ்டமா இருந்துச்சா?"

"எனக்கென்ன மாப்பிள்ளை, ராணி மாதிரி வந்தேன்."

"பதினோரு வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா?" என்றாள் மனைவி. அவன் சாவியை அவளிடம் கொடுத்தான். மாமியாரை முன் இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டு, தான் போய்க் கடைசி வரிசையில் நுழைந்துகொண்டான்.

அந்த வரிசையில் அவன் ஒருநாளும் பயணம் செய்ததில்லை. டேப்பை வைத்து அளந்து பார்த்ததோடு சரி. தரை உயரமாக இருந்ததால் தொடை இருக்கையில் படவே இல்லை. முழங்கால் மார்புக்கு வந்தது. பத்து நிமிடத்தில் இடது பாதம் மரத்துப்போயிற்று. முதுகில் இடிக்கிறது என்று மகள் புகார் சொன்னாள்; அப்பாவை மடிச்சு வச்சிருக்காங்க என்று மகன் சிரித்தான்.

அவன் சிரிக்கவில்லை. ஆசிரியைக்கு எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தான். நான்காவது வரியில் தற்செயலாக முன்னால் பார்த்தான்.

வண்டியிலேயே அகலமான இருக்கை. எதிரே முழு மலைச்சரிவும் தெரியும் கண்ணாடி. அங்கேயும் மாமியார் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பதினோரு வருடக் களைப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும், மரத்த காலை இழுத்துக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்து, மாமியார் முன்னால் நின்றான்.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. இத்தனை வருஷமா உங்களை அங்க உக்கார வச்சிட்டேன். இனிமே நானா மார்க் போட மாட்டேன். நீங்க உள்ளதைச் சொல்லுங்க. பின்னாடி எப்படி இருந்துச்சு, முன்னாடி எப்படி இருந்துச்சு?"

மாமியார் திருதிருவென்று விழித்தார். பிறகு, தன் மகளின் முகத்தைப் பார்க்காமல், செய்த தப்பை ஒப்புக்கொள்கிறவர் போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீங்க ஆசையா கூப்பிடறப்ப வரலைன்னு சொல்ல மனசு வரல, மாப்பிள்ளை. கார்ல ஏறினாலே எனக்கு வாந்தி வரும். அதான் கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடியே மாத்திரை போட்டுக்குவேன். அப்புறம் வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது."