வலது பின்சக்கரம்

பின் ஆக்சிலில் ஆயில் கசிகிறதென்று அந்த லாரி ஒரே வாரத்தில் மூன்றாம் முறையாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. மெக்கானிக் வலது பின்சக்கரத்தைக் கழற்றி மறுபடியும் புது ஆயில் சீல் போட்டார். பேரிங்கில் ஆட்டமில்லை, ஆக்சிலில் கீறலில்லை. ஆனாலும் சொட்டியது. அடியில் வைத்த தட்டில் நாலு லிட்டர் சேர்ந்தபின், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே விளிம்புவரை நின்றது.

“யாராவது ஊத்தினீங்களா?”

“இல்லண்ணே,” என்றார் டிரைவர். “போன மாசம் நம்ம கிளீனர் இந்தச் சக்கரத்துல சிக்கினதுலேருந்து இப்படித்தான்.”

மத்தியானம் கிளீனரின் அம்மா வந்தாள். மகனைக் கொன்ற வண்டியைப் பார்க்கணும் என்றாள். சக்கரத்தருகே குந்தி, சொட்டும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். கசிவு நின்றது. கையை எடுத்தாள், சொட்டியது. வைத்தாள், நின்றது.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த லாரி முதலாளிக்கு முகம் மலர்ந்தது.

“அப்புறமென்ன? லோடு ஏத்துங்க. அந்தம்மாவையும் பின்னாடி ஏத்துங்க.”

“முதலாளி, பாவம்...” என்றார் டிரைவர்.

“சும்மாதானே உக்காரப் போறாங்க?”

அவள் மறுக்கவில்லை. மூட்டைகளுக்கு நடுவே, அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து, அடிப்பலகையில் உள்ளங்கையைப் பதித்தாள். கீழே ஒரு சொட்டுகூட விழவில்லை.

“மெதுவா ஓட்டுப்பா,” என்றாள் டிரைவரிடம். “இப்பத்தான் அசந்திருக்கான்.”