ஒரு கிரெடிட் பாக்கி

மண்டை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு மாணவனின் அப்பாவும் அம்மாவும். அவன் வெளியே பெஞ்சில்.

இயந்திரவியல் துறையில் யார் எந்தப் பாடத்தை முடித்தால் பட்டம் கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. இந்த வேலையில் எத்தனையோ கூத்தைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

வெப்ப இயக்கவியலில் தேறியிருக்கிறான். திரவ இயக்கவியலில் நல்ல மதிப்பெண். பாதி வகுப்புக்குத் தண்ணி காட்டுகிற இயந்திர வடிவமைப்பையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டான். லேப், புராஜெக்ட், விருப்பப் பாடம் எதிலும் குறையில்லை.

பாக்கி ஒரே ஒரு கிரெடிட். பொறியியல் அறநெறி.

வாரத்துக்கு ஒரு வகுப்பு. போய் உட்கார்ந்து, கடைசியில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். அதில் தோற்பதற்குத்தான் தனியாக உழைக்க வேண்டும்.

இவன் தோற்கவில்லை. ஒழுங்காக வகுப்புக்குப் போவான். செமஸ்டர் முடிகிற நேரத்தில் வந்து, பாடத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்று நிற்பான். போன முறையும் அப்படித்தான், அதற்கு முந்தின முறையும் அப்படித்தான். உடம்புக்கு ஏதோ முடியவில்லை போல என்று நானும் போட்டுத் தொலைத்தேன்.

இன்று காலை மறுபடி வந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விதியை எடுத்துச் சொன்னேன். பட்டத்தை முடிக்கக் கொடுத்த கால வரம்பு இந்த செமஸ்டரோடு தீர்கிறது. இப்போது விலகினால் பெயரை நீக்கிவிடுவார்கள். இத்தனை வருடம் படித்ததெல்லாம் குப்பைக்குப் போகும்.

கெஞ்சுவான் என்று பார்த்தேன்.

"அப்ப நான் படிப்பை முடிச்சதாவே ஆகாதா சார்?" என்றான்.

ஆகவே ஆகாது என்றேன். அதைக் கேட்டு அவன் முகம் தெளிந்தது. எனக்குத்தான் குழம்பிவிட்டது. பையனுக்கு ஏதும் கழன்றுவிட்டதோ என்று பயந்துதான் பெற்றவர்களை உடனே வரச் சொன்னேன்.

அப்பா பல் மருத்துவர். அம்மா நில அளவை அலுவலகத்தில் இருக்கிறார். தனித்தனி வண்டியில் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. காதல் தோல்வியா என்றேன். இல்லையாம். கெட்ட சகவாசமா? சேச்சே, காபியைக்கூட அளந்துதான் குடிப்பானாம். பாடம் நடத்துகிறவரோடு தகராறா என்று நானே கேட்டுவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். அவர் வாயில்லாப் பூச்சி, அவரோடு சண்டை போட யாராலும் முடியாது.

வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றேன்.

வீட்டில் யாரும் சத்தமாக ஒரு வார்த்தை பேச மாட்டோம் என்றார் அம்மா. அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. புதுப் பாடத்திட்டத்தில் இந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்களோ என்று கம்ப்யூட்டரில் இன்னொரு தரம் பார்த்தேன். எடுக்கவில்லை. கட்டாயப் பாடம்தான்.

எப்பாடு பட்டாவது இந்த வருடமே முடிக்க வையுங்கள் என்றார் அப்பா. இந்த வருடமே, என்று அம்மாவும் சொன்னார். வந்ததிலிருந்து இருவரும் இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

வேலை ஏதும் காத்திருக்கிறதா என்றேன். இல்லை. மேல்படிப்பா? அதுவும் இல்லை. அப்புறம் என்னதான் அவசரம் என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டுவிட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாதான் வாயைத் திறந்தார்.

"அவன் படிப்பு முடியட்டும், அப்புறம் பிரிஞ்சிடலாம்னு நாங்க ரெண்டு பேரும் எப்பவோ பேசி வச்சிட்டோம் சார். இதெல்லாம் அவனுக்குத் தெரியாது."

தெரியவே தெரியாது என்றார் அப்பா.

காலையில் அவன் மேல் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் கேட்ட கேள்வி இப்போதுதான் விளங்கியது.

எழுந்துபோய் அவனை உள்ளே கூப்பிட்டேன். அறையில் வேறு நாற்காலி இல்லை. என்னுடையதைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.