பதினெட்டாவது தெரு

"நம்ம ஊரே இல்லைங்கறான்யா!"

தபால்காரர் என் டைப்பிங் கடைக்குள் நுழைந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. ரிட்டயர் ஆன பிறகும் அவருக்கு ஊரில் அதுதான் பெயர்.

மூன்று மாதமாக எங்கள் ஊரைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேனாவால் எழுதித் தருவார், நான் டைப் அடித்து ஏற்றுவேன். இரண்டாவது முறையும் பக்கத்தை நீக்கிவிட்டார்கள்.

"என்னவாம்?"

"ஆதாரம் பத்தாதாம். பெரிய மனுஷங்க யாரும் நம்ம ஊரைப் பத்தி எழுதலையாம். எவனும் எழுதலைன்னா இங்க இருக்கற எட்டாயிரம் பேரும் பொணமா? ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஒரு ஊரையே அழிப்பானா?"

எனக்கும் ரத்தம் கொதித்தது. 'இருக்கிறவர்களை இல்லை என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?' என்று அவர் சொல்லச் சொல்ல, கீபோர்டு தெறிக்க அடித்து அனுப்பினேன்.

மனுஷர் விடவில்லை. பழைய பேப்பர் கட்டிங், பஸ் டைம்டேபிள், தண்ணீர்த் தொட்டிக் கல்வெட்டின் போட்டோ என்று கொண்டுவந்து கொட்டினார். மூன்றாவது முறை ஏற்றிய பக்கத்தை யாரும் நீக்கவில்லை. அதில் மொத்தம் பதினேழு தெரு. என்றைக்கும் சரியான நேரம் காட்டாத பஸ் ஸ்டாண்டு கடிகாரத்துக்கே நாலு வரி. பிரிண்ட் எடுத்து சலூனில்கூட ஒட்டிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, அவர் என் கடையில் இருந்த நேரமாகப் பார்த்து இஸ்திரி போடும் அக்கா வந்தார்.

"ஏன் சார், எங்க சூளைத் தெருவை விட்டுட்டீங்க? குடிதண்ணி பைப்பு கேட்டு மனு கொடுத்தா, ஆபீசர் உங்க பக்கத்தைத் திறந்து எண்ணிப் பாக்கறாரு. ஊரை நல்லாத் தெரிஞ்சவர் எழுதினது, இதுல அப்படி ஒரு தெருவே இல்லைன்னு மனுவைத் தூக்கிப் போட்டுட்டாரு."

"நாலு குடிசை இருந்தா அது தெருவாயிடுமா?"

"நாப்பது வீடு சார். உங்க போஸ்டாபீஸ் கட்டின செங்கல்லே எங்க சூளையில வெந்ததுதான்."

"மழை பெஞ்சா முழங்கால் சேறு. அங்க எவன் இறங்குவான்?"

"நாங்க தெனம் இறங்கி ஏறலையா?"

"சும்மா வாயால சொன்னாப் போதுமா? யாராவது உங்க தெருவைப் பத்தி எழுதியிருக்காங்களா? ஆதாரம் இருந்தாக் கொண்டா, பாக்கலாம்."

சொன்னது அவர்தான். எனக்குச் சுருக்கென்றது.

விடுவிடென்று வெளியே போன அக்கா, அரை மணி நேரத்தில் ஒரு பழுப்புக் கவரோடு திரும்பி வந்து என் மேஜை மேல் ஓங்கி வைத்தார்.

"அஞ்சு வருஷம் முன்னாடி எம்பொண்ணுக்கு வந்த வேலை உத்தரவு. எங்க தெருப் பேரைப் போட்டு கவர்மெண்டே அனுப்பினது. வீடு வந்து சேரல. அந்த ஆபீசுக்கே நேர்ல போய்க் கேட்டா, வேற ஆளைப் போட்டாச்சும்மான்னு இந்தக் கவரை மட்டும்தான் கையில கொடுத்தாங்க. இந்த ஆதாரம் போதுமா சார்?"

தபால்காரர் கவரைத் தொடவே இல்லை. நான்தான் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கம் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'இப்படி ஒரு தெரு இந்த ஊரில் இல்லை. அனுப்பியவருக்கே திருப்புக.'

மூன்று மாதமாக நான் பார்த்துப் பார்த்து டைப் அடித்த அதே கையெழுத்து.