லேடீஸ் சீட்டில் ஒரு துண்டு

"அண்ணாச்சி, அந்தத் துண்டை எடுங்க. நான் உக்காரணும்."

"ஆள் வருதும்மா" என்றார் பின் சீட்டில் இருந்த காக்கிச் சட்டைக்காரர்.

விஜிலாவுக்கு எரிச்சலாக வந்தது. துறைமுகத்தில் ஏறியதிலிருந்து நிற்கிறாள். அங்கே ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. தினமும் ஸ்கூட்டியில் போகிறவள். அது மெக்கானிக் கடையில் படுத்துக்கொண்டதால் இன்றைக்கு டவுன் பஸ். கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நகர்ந்து நகர்ந்து போனது. குதிகால் வலி உயிரை வாங்கியது.

"மூணு ஸ்டாப் போயாச்சு. ஆளைக் காணோமே?"

"வரும்மா."

"இது லேடீஸ் சீட்."

"வாறதும் லேடீஸ்தான்."

"வீட்டுக்காரியா அண்ணாச்சி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அவ என்கூட ஒரே பஸ்ல வந்துட்டாலும்!"

பஸ்ஸே சிரித்தது. விஜிலா கண்டக்டரைப் பார்த்தாள்.

"இது தினம் நடக்கதும்மா" என்று அவரும் நகர்ந்துவிட்டார்.

"நல்ல நியாயம். நிக்கிறவ கஷ்டம் யாருக்குத் தெரியுது?" என்று உரக்கவே சொன்னாள்.

இறால் கம்பெனி ஸ்டாப் வந்தது. காலையிலிருந்து ஈரத்தரையில் நின்று இறால் உரித்த பெண்கள் ஏறினார்கள். காக்கிச் சட்டைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்கக்கா, உக்காருங்க. இன்னைக்கு ஒங்க சீட்டைக் காப்பாத்துறதுக்குள்ள எம்பாடு பெரும்பாடாப் போச்சு." விஜிலாவிடம் திரும்பினார். "இவியளுக்கு முட்டு தேஞ்சுபோச்சும்மா. நிக்க முடியாது."

துண்டு கிடந்த சீட்டை நோக்கி வந்தவளை விஜிலா திரும்பிப் பார்த்தாள். அவள் மாமியார் கிருபை.

"ஏளா, நீ எங்க இங்கன? வண்டிக்கு என்னாச்சு?" கிருபைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கால் கடுக்க நிக்கியே, நீ உக்காரு."

"நீங்க உக்காருங்க அத்தை."

"ஸ்கூட்டில போற மருமகள்னு சொல்லுவியளே, இவங்களாக்கா?" என்றார் காக்கிச் சட்டைக்காரர். "அப்பம் தினம் இந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான போவாங்க? ஒங்களை ஏத்திக்கிட்டா என்ன?"

பஸ்ஸில் எல்லோரும் விஜிலாவைப் பார்த்தார்கள்.

"எம் மருமவ கூப்பிடாம இருப்பாளா? தினம் கூப்பிடுதா. ஸ்கூட்டின்னா பயம்னு நாந்தான் ஏற மாட்டேங்கேன்" என்றாள் கிருபை.

விஜிலா ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை.