பெல்ட் பதிந்த பக்கம்

தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில், நசுங்கிய காரின் வலப்பக்க ஸ்டியரிங் மேல் விழுந்து கிடக்கிறது. விபத்தை ஆராய வந்தவளுக்கு, காரில் வந்த தம்பதியில் கணவனின் அவசரம் ஆரம்பத்திலிருந்தே நெருடுகிறது. "இவதான் மேடம் ஓட்டினா. நான் பக்கத்துல அசந்து தூங்கிட்டேன்," என்கிறான், யாரும் கேட்காமலே மறுபடியும். மனைவி தலையாட்டுகிறாள். ஆடும் கழுத்தின் இடப்புறம் சீட் பெல்ட் இழுத்துக் கன்றிய கோடு. ஓட்டியவளுக்கு அது வலப்புறம் அல்லவா விழ வேண்டும்? இந்தக் கார் மோதி அடிபட்ட சைக்கிள்காரர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. ஆராய வந்தவள் எதையும் காட்டிக்கொள்ளாமல், "அன்னிக்கு மாதிரியே வண்டில ஏறி உக்காருங்கம்மா," என்கிறாள். மனைவி காரைச் சுற்றிப் போய், இடப்பக்கக் கதவைத் திறக்கிறாள். "அந்தப் பக்கம்டீ!" என்று பல்லைக் கடிக்கிறான் கணவன், இந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை பூட்டிய சட்டையின் காலரை, வலப்பக்கம் மட்டும், மேலே இழுத்துவிட்டுக்கொண்டே.