மூன்றாவது மாடி

எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பை இடித்தபோது, புது வீடு கட்டும்வரை வெளியே வாடகைக்கு இருங்கள் என்று அரசாங்கம் ஒருமுறை பணம் கொடுத்தது. அது தீர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மனையில் இதுவரை எழும்பியிருப்பது வேலிகாத்தான் மட்டும்தான்.

திங்கட்கிழமை வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதும், எங்களோடு அங்கே குடியிருந்த பூங்காவனம் நேராக அந்த மனைக்கே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எட்டிப் பார்க்காமல் இருப்பேனா?

"ஏன்டி, உன் வீடு மூணாவது மாடியாச்சே. இது சூசை இருந்த கீழ்வீடு."

"அவருகிட்ட கேட்டுட்டேன்க்கா. மாடி வர்ற வரைக்கும் இருந்துக்கன்னாரு."

சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டேன். அதை நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

மறுநாள் வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். "இங்கல்லாம் உக்காரக் கூடாது. வீட்டுக்குப் போம்மா."

பூங்காவனம் எழுந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலியின் மேல் ஏறி நின்றாள்.

"என்னம்மா பண்றே?"

"வீட்டுக்குப் போறேன் சார். இன்னும் ரெண்டு மாடி இருக்கு."

அன்று சாயங்காலம் நானும் எங்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். என் வீடு இரண்டாவது மாடி.