அண்ணனுக்கு நாளை கடைசி நாள்

சிறைக் காவலர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, வீட்டுக்கும் காவலா?" என்றாள் மனைவி.

"அண்ணன் நாளையோட போறார்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. போன வருஷம் தொடர்ந்து இருபது நாள் லீவே கிடைக்காமல் வேலை பார்த்து, கண்காணிப்புக் கோபுரத்தின் விளிம்பில் குதிக்கப் போய் நின்ற இவரை, கீழேயிருந்து பேசிப் பேசியே இறக்கியவர் அந்த அண்ணன். அன்று முதல் அவரிடம் தினமும் பத்து நிமிஷம் பேசினால்தான் இவருக்குத் தூக்கம் வருகிறது.

"டாக்டர்கிட்டகூட வாயைத் திறக்க மாட்டீங்க. இனிமே யார்கிட்ட பேசுவீங்க?"

"அதான் தெரியல."

"வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க. ரிட்டயர் ஆயிட்டா பழக்கம் விட்டுப் போயிடுமா?"

"ரிட்டயர் இல்லம்மா. விடுதலை."

அவள் மெதுவாக எதிரே உட்கார்ந்தாள். "கைதியா?"

"பன்னிரண்டு வருஷம் முடிச்சிட்டார். நாளைக்கு கேட்ல நான்தான் டியூட்டி. வெளியே போற எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான் அவர்கிட்டயும் சொல்லணும்."

"என்னன்னு?"

"இனிமே இந்தப் பக்கமே வந்துடாதீங்கன்னு."